தேற்றுதல் என்னும் வினை

துக்க வீடுகளுக்கு வெளியே ‘தேற்று’ என்ற வினைச்சொல்லை இன்றைய எழுத்துத் தமிழில் அதிகம் காண முடிவதில்லை. கணவனை இழந்தவளைத் தேற்றினார்கள், பிள்ளையைப் பறிகொடுத்த தாயைத் தேற்ற முடியவில்லை என்று எழுதுகிறோம். மற்ற இடங்களில் எல்லாம் வேறு சொற்கள் வந்து அமர்ந்துவிட்டன. அமைச்சர் மக்களுக்கு உறுதியளிக்கிறார். ஆசிரியர் மாணவனுக்கு நம்பிக்கை ஊட்டுகிறார். மருத்துவர் நோயாளிக்குத் தைரியம் சொல்கிறார். நம்பிக்கை தளர்ந்த மனிதர் அதைத் திரும்பப் பெற உதவும் செயலுக்குத் தமிழில் இருந்த மிகப் பழைய, மிகத் துல்லியமான சொல் ஒப்பாரிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறது. சொல் சுருங்கியபோது அந்தச் செயலைப் பற்றிய நம் புரிதலும் கூடவே சுருங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

பேச்சுத் தமிழ் இந்தச் சொல்லை இவ்வளவு கஞ்சத்தனமாகச் செலவழிப்பதில்லை. காய்ச்சலில் கிடந்தவன் ‘இப்பத்தான் கொஞ்சம் தேறி வர்றான்’. மெலிந்து வந்த மகளை ‘நல்லா ஆக்கிப் போட்டு உடம்பைத் தேத்தி அனுப்பணும்’ என்கிறாள் தாய். பையன் பரீட்சையில் தேறுவானா, இந்தப் போகத்தில் எத்தனை மூட்டை தேறும் என்று கேட்கிறோம். கடனுக்கு அலைந்தவர் ‘எப்படியோ அஞ்சாயிரம் தேத்திட்டேன்’ என்கிறார். கைவிட்ட காரியம் ‘தேறாத கேஸ்’. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இந்த வழக்குகளுக்கு அடியில் ஒரே கருத்துதான் ஓடுகிறது. பதரும் தூசியும் கல்லும் போக நிற்பதுதான் களத்தில் தேறும் மூட்டை. நோய் கழிந்து நிற்பதுதான் தேறிய உடம்பு. வேண்டாதது விலக, நிற்க வேண்டியது நிற்பது தேறுதல்.

இந்தக் கருத்து பிறந்த இடம் தண்ணீர் என்பதற்குச் சங்க இலக்கியத்திலேயே தடயம் இருக்கிறது. வடித்துத் தெளிந்த கள்ளுக்குத் ‘தேறல்’ என்று பெயர். யவனர் கொண்டுவந்த தேறலைப் புறநானூறு குறிப்பிடுகிறது. இதைவிட நேரான சான்று கலித்தொகையில் உண்டு. நெய்தற்கலிப் பாட்டொன்றில் பிரிவால் அறிவு கலங்கிப் புலம்பித் திரிந்த ஒருத்தி காதலனைச் சேர்ந்ததும் தெளிவடைகிறாள். அவள் தெளிந்த விதத்துக்குப் புலவர் காட்டும் உவமை, இல்லம் என்னும் மரத்தின் விதையால் தேற்றப்பட்ட கலங்கல் நீர். இல்லம் என்பது நம் தேற்றா மரம். நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும் தேற்றாங்கொட்டை அதன் விதைதான். மனத்தைத் தேற்றுவதும் நீரைத் தேற்றுவதும் ஒரே வினை என்று அந்தப் பாட்டு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறது.

குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்த காலத்தில் இந்த விதை வீட்டுக்கு வீடு இருந்தது. சொரசொரப்பான மண்பானையின் உட்சுவரில் விதையைத் தேய்த்து, பிறகு கலங்கல் தண்ணீரை ஊற்றி அசையாமல் வைத்துவிடுவார்கள். நேரம் செல்லச் செல்ல மண் திரண்டு அடியில் படியும். மேலே தண்ணீர் துலங்கி நிற்கும். இதன் வேதியியலும் இன்று விளங்கியிருக்கிறது. நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. அதனால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு படியாமல் மிதக்கின்றன. விதையில் உள்ள பாலிசாக்கரைடு வகைப் பொருள்கள் அந்தத் துகள்களைப் பிணைத்துத் திரட்டுகின்றன. கனம் கூடியதும் அவை இறங்கிவிடுகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, தண்ணீருக்குள் தெளிவு என்று எதுவும் புதிதாக ஊற்றப்படவில்லை என்பது. தெளிவு அதற்குள்ளேயே இருந்தது. மிதந்த மண் அதை மறைத்திருந்தது. மண் எங்கும் போய்விடவும் இல்லை. அடியில்தான் கிடக்கிறது. பானையை ஆட்டினால் மறுபடி கலங்கும். ஒரு மனிதரைத் தேற்றுவதைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம்பிக்கை ‘ஊட்டு’ என்கிற இன்றைய தொடர், வாயைத் திறக்க வைத்து வெளியிலிருந்து உள்ளே தள்ளுவதைச் சொல்கிறது. ‘தேற்று’ என்பது உள்ளே இருப்பதைத் தெரியவிடுகிறது.

இலக்கணமும் இதையே காட்டும். தேறு தன்வினை, தேற்று பிறவினை. ஆறு - ஆற்று, மாறு - மாற்று, ஏறு - ஏற்று என்பவற்றைப் போல றகரம் இரட்டித்துப் பிறவினை ஆகிறது. தேறுவது அவரவர் மனம்தான். தேற்றுபவர் அதற்கு வழி செய்கிறவர் மட்டுமே. இன்றும் ‘மனசைத் தேத்திக்கோ’ என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும் வடிவம் வழக்கில் தழைத்திருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

தேறு என்ற சொல்லுக்கு ‘நம்பு’ என்ற பொருளும் பழையது. திருக்குறளில் ஆளைத் தேர்ந்தெடுத்து நம்புவதற்கென்று தனி அதிகாரமே உண்டு: தெரிந்து தெளிதல். ஆராயாமல் யாரையும் தேறாதே என்கிறார் வள்ளுவர். ஆராயாமல் நம்புவதும், நம்பியவரிடம் ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும் என்று அந்த அதிகாரத்தை முடிக்கிறார். அங்கே தேர்தல் முதலில் வருகிறது, தேறுதல் பின்னால் வருகிறது. ஆராய்ச்சியின் விளைவாக வரும் நம்பிக்கைக்குப் பெயர்தான் தேற்றம். ஏகார இடைச்சொல்லின் பொருள்களில் தேற்றத்தை வைத்தவர் தொல்காப்பியர், நன்னூலாரும் வைத்தார். ‘அவனே வந்தான்’ என்பது பிரிநிலை. ‘உண்மையே’ என்னும்போது அந்த ஏகாரம் தேற்றம். ஐயம் நீங்கிய உறுதிக்கு இலக்கணத்தில் ஓர் எழுத்தை ஒதுக்கிவைத்த மொழி நம்முடையது.

அகப்பாடல்களுக்கு வந்தால் தேற்றுதல் ஒரு கலையாகவே விரிகிறது. தொல்காப்பியக் களவியல் காதலின் படிகளை அடுக்கி ‘தீராத் தேற்றம்’ என்பதில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கூடிய பின் ‘உன்னைப் பிரியமாட்டேன்’ என்று தலைவன் தெளிவிப்பதே அது. உலகமெங்கும் தமிழ்க் காதலின் அடையாளமாகக் கொண்டாடப்படும் செம்புலப்பெயனீராரின் குறுந்தொகைப் பாட்டை (40) நாம் மகிழ்ச்சியின் கொண்டாட்டமாகப் படிக்கிறோம். ஆனால் அந்தப் பாட்டின் பழைய கூற்றுக் குறிப்பு வேறொரு சூழலைச் சொல்கிறது: இவன் பிரிந்துபோய்விடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகக் குறிப்பைக் கண்டு தலைவன் சொன்னது. அச்சத்தைப் போக்கச் சொன்ன பாட்டு அது. அவன் சத்தியம் எதுவும் செய்யவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. தாய்வழியிலும் தந்தைவழியிலும் உறவில்லாத இருவர், ஒருவரையொருவர் முன்பின் அறியாத இருவர், என்று உள்ள நிலையை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான். அவள் அஞ்சக் காரணமான அந்நியத்தை மறைக்காமல் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு நடந்ததைக் காட்டுகிறான். செம்மண்ணில் விழுந்த மழை இனிப் பிரியுமா என்பதை அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

தேற்றுவோர் எல்லோரும் இவ்வளவு நேர்மையாக இருப்பதில்லை என்பதும் அந்தப் புலவர்களுக்குத் தெரிந்திருந்தது. குறுந்தொகையின் 66ஆம் பாட்டில் கார்காலத்தில் வருவேன் என்று போனவன் வரவில்லை. கொன்றையோ கொத்துக்கொத்தாகப் பூத்துவிட்டது. தலைவி தளர்கிறாள். தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றை மரம் வெறும் பேதை, காலமில்லாக் காலத்தில் பெய்த மழையைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டது. மரத்தின் மேல் பழியைப் போட்டுத் தலைவியைக் காப்பாற்றும் அன்பான பொய். 21ஆம் பாட்டில் அதே நிலைமை தலைகீழாகிறது. இனி இவளை எப்படி ஆற்றுவது என்று தோழி தனக்குள் கவலைப்படுகிறாள். அதைப் புரிந்துகொண்ட தலைவி தானே பேசுகிறாள். காடு முழுக்கக் கொன்றை பூத்து இது கார்தான் என்று சொன்னாலும் நான் தேறமாட்டேன், அவர் பொய் சொல்லாதவர். கண்ணெதிரே நிற்கும் காட்டின் சாட்சியத்தை அவள் தேறவில்லை. தொலைவில் இருக்கும் மனிதரின் சொல்லைத் தேறுகிறாள். தேற்ற வந்தவளைத் தேற்ற வேண்டியவளே தேற்றுவதும் இங்கே நடக்கிறது. ஐந்தே அடிப் பாட்டில் இத்தனையும் நடந்துவிடுவதை நினைத்தால் இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இதே பாடல்களின் கூற்றுக் குறிப்புகளில் இன்னொரு வினை அடிக்கடி வரும்: வற்புறுத்து. தோழி தலைவியை வற்புறுத்தியது என்று படித்ததும் இன்றைய வாசகர் துணுக்குறுவார். எதற்கோ கட்டாயப்படுத்துகிறாள் என்றுதான் அவருக்குப் படும். அன்று அதன் பொருள் வன்மை பெறச் செய்தல், திடப்படுத்துதல். அந்தச் செயலுக்கு ‘வன்புறை’ என்றே பெயர். அதைக் கேட்டும் திடப்படாமல் தலைவி உடைந்துபோய்ப் பேசினால் அதற்கு ‘வன்புறை எதிரழிந்து சொல்லியது’ என்று ஒரு துறையே உண்டு. மனத்தைத் திடப்படுத்தும் சொல்லாக இருந்தது எப்படி மனத்தை நெருக்கும் சொல்லாகத் திரிந்தது? என் ஊகம் இது. வன்மை வெளியிலிருந்து கொடுக்கப்படும்போது, கொடுப்பவரின் கை கொஞ்சம் அழுந்தினாலே அது அழுத்தமாகிவிடுகிறது. ‘தைரியமா இரு’ என்று சொல்கிற குரல் இரண்டாம் முறை ஆணையாக மாறுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தேற்று என்ற சொல்லுக்கு அப்படிப்பட்ட திரிபு நேரவில்லை. யாரையும் கட்டாயப்படுத்தித் தெளிய வைக்க முடியாது.

தேற்றம் தோற்பதை மிக நெருக்கமாகக் காட்டுவது நப்பூதனாரின் முல்லைப்பாட்டு. அரசன் போருக்குப் போயிருக்கிறான். மாலை மழை. முதிய பெண்கள் ஊர்ப்புறம் சென்று நெல்லும் மலரும் தூவி நற்சொல் கேட்க நிற்கிறார்கள். அங்கே ஓர் இடைமகள், குளிருக்குக் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பவள், பால் குடிக்கத் துடிக்கும் கன்றிடம் உன் தாய் இப்போதே வந்துவிடுவாள் என்கிறாள். கன்றுக்குச் சொன்ன அந்தத் தேற்றத்தை அப்படியே எடுத்துவந்து அரசிக்கு நற்குறியாகச் சொல்கிறார்கள் முதியவர்கள். உன் தலைவன் வென்று வருவது உறுதி, வருத்தத்தை விடு என்கிறார்கள். பலமுறை எடுத்துக்காட்டியும் அவள் காணவில்லை. கண்ணீர் முத்துமுத்தாகச் சிந்துகிறது. கன்றுக்குப் போதுமான சொல் அவளுக்குப் போதவில்லை. கன்று கண்டதெல்லாம் அன்றாடம் மாலையில் திரும்பும் தாயை. அவளுக்கு அப்படி ஒரு பழக்கத்தின் ஆதாரம் இல்லை. தன் பயம் எதில் நிற்கிறதோ அந்த இடத்தை யாரும் தொடாதபோது நற்சொற்கள் மேலே மிதந்து போய்விடுகின்றன.

தேற்றிவிட்டுக் கைவிட்டால் பழி யாரைச் சேரும்? வள்ளுவர் இதற்கும் பதில் வைத்திருக்கிறார். பிரிவாற்றாமை அதிகாரத்தில் தலைவி கேட்கிறாள்: அன்பு செய்து ‘அஞ்சாதே’ என்று சொன்னவரே விட்டுப் போனால், அந்தத் தெளிவித்த சொல்லைத் தேறியவர் மேல் தவறு உண்டா? கேள்வியிலேயே தீர்ப்பு இருக்கிறது. தேற்றும் சொல் ஒரு கடன் பத்திரம். கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. ஏமாந்தவரைப் பார்த்து ‘நீ ஏன் நம்பினாய்’ என்று கேட்கும் நம் வழக்கத்துக்கு இந்தக் குறளில் இடமில்லை.

இந்தப் பழைய வேறுபாடுகளெல்லாம் இலக்கிய ரசனையோடு முடிந்துவிடுபவை அல்ல. மருத்துவமனையில் அவை அன்றாடம் சோதிக்கப்படுகின்றன. நெஞ்சு வலி என்று வந்தவருக்கு இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து, ‘ஒண்ணுமில்லை, எல்லாம் நார்மல், தைரியமா போங்க’ என்று அனுப்புகிறார்கள். அவர் வாசலைத் தாண்டுமுன் மனைவியிடம் ‘அப்போ வலி எதனால வந்துச்சாம்?’ என்று கேட்கிறார். பெரும் நோய்க்கு வாய்ப்புக் குறைவாக இருக்கும்போது செய்யப்படும் பரிசோதனைகள் நோயாளிகளைத் தேற்றுகின்றனவா என்று ரோல்ஃப், பர்ட்டன் என்ற இருவர் 14 சோதனை ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பங்கேற்ற நோயாளிகள் 3,828 பேர். 2013இல் வெளியான முடிவு: அந்தப் பரிசோதனைகள் கவலையையோ அறிகுறிகளையோ பெரிதாகக் குறைக்கவில்லை. ‘ஒன்றுமில்லை’ என்ற காகிதம் மட்டும் யாரையும் தேற்றுவதில்லை.

அப்படியானால் எது தேற்றும்? நியூசிலாந்தில் கீத் பெட்ரி என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. நெஞ்சு வலிக்காக உடற்பயிற்சிப் பரிசோதனைக்கு வந்த 92 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான தகவல். இன்னொன்றுக்குப் பரிசோதனையைப் பற்றிய துண்டுப் பிரசுரம். மூன்றாவது பிரிவுக்குப் பிரசுரத்தோடு சிறிது நேர உரையாடலும்: இந்தச் சோதனை எதைப் பார்க்கிறது, முடிவு இயல்பாக வந்தால் அதற்கு என்ன பொருள் என்பதை முன்கூட்டியே விளக்கினார்கள். ஒரு மாதம் கழித்தும் அந்த மூன்றாவது பிரிவினரே அதிகம் தேறியிருந்தார்கள். வலி நீடிப்பதாகச் சொன்னவர்களும் அவர்களில் குறைவு. விளக்கம் முடிவுக்கு முன்னால் வந்ததுதான் இதில் முக்கியம். பானைச் சுவரில் விதையைத் தேய்த்துவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றிய நம் பாட்டிகளின் முறைவரிசையும் அதுவே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நோய் பற்றிய தீராத அச்சம் உள்ளவர்கள் திரும்பத் திரும்ப ‘எனக்கு ஒண்ணும் இல்லல்ல?’ என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் ‘இல்லை’ என்று சொல்லும்போது சற்று நேரம் நிம்மதி, பிறகு முன்னைவிட வேகமாக அச்சம். இப்படிக் கேட்டு நிம்மதி பெறும் பழக்கமே அச்சத்தை நிலைநிறுத்துகிறது என்று வார்விக், சால்கோவ்ஸ்கிஸ் ஆகியோர் 1980களில் எடுத்துக்காட்டினார்கள். இன்றைய உளவியல் சிகிச்சையில் இது நிலைபெற்ற கருத்து. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவரிடம் நூறாவது முறையாக ‘ஒன்றுமில்லை’ என்பது தேற்றுதல் ஆகாது. பானையை ஆட்டிக்கொண்டே தெளியவில்லையே என்று பார்ப்பதுதான் அது.

நாடே நம்பிக்கை இழந்த நிலையில் என்ன செய்வது என்பதற்கு 1933 மார்ச் அமெரிக்காவைப் பார்க்கலாம். வங்கிகள் அடுத்தடுத்து வீழ, மக்கள் வரிசையில் நின்று பணத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாகப் பதவியேற்ற அதிபர் ரூஸ்வெல்ட் 6ஆம் தேதி நாடெங்கும் வங்கிகளை மூடினார். 9ஆம் தேதி அவசரச் சட்டம் நிறைவேறியது. 12ஆம் தேதி ஞாயிறு இரவு வானொலியில் பேசினார். அந்தப் பேச்சின் பெரும்பகுதி பாடம் நடத்துவது போல இருக்கும்: நீங்கள் போட்ட பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகக் கொடுக்கிறது, அதனால்தான் எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் கொடுக்க முடிவதில்லை, எந்த வங்கி எப்போது திறக்கும், ஏன் எல்லாம் ஒரே நாளில் திறக்கவில்லை. மறுநாள் முதல் கட்ட வங்கிகள் திறந்தபோது மக்கள் எடுத்த பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். இனிய குரல் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. நல்ல நிலையில் இருப்பதாகக் கணித்த வங்கிகளுக்கே திறக்க அனுமதி தரப்பட்டது. சட்டம் பேச்சுக்கு முன்னாலேயே வந்திருந்தது. தேர்ந்த பிறகே தேற்றினார்கள்.

நம் செய்தித்தாள்களில் வெள்ளம், தொற்றுநோய், அணை நிரம்புதல் எதுவானாலும் ‘பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம்’ என்ற வாசகம் அச்சுக்கோத்தபடியே காத்திருக்கிறது. அச்சப்படுவது மக்களின் பிழை என்பது போல ஒலிக்கும் தொடர் அது. அணையில் இப்போது எத்தனை அடி தண்ணீர், எத்தனை அடியில் திறப்பார்கள், திறந்தால் எந்தத் தெருவுக்கு வரும், எத்தனை மணி நேரம் முன்பு சொல்வார்கள் என்று தெரிந்தால் மக்கள் தாமே தேறுவார்கள். சில வேளைகளில் அந்தத் தகவல் பயத்தைக் கூட்டவும் கூடும். அப்போதும் அது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பயம். கலங்கிய பயத்தைவிட அது மேல்.

கிறிஸ்தவ வேதத்தைத் தமிழாக்கியவர்கள் ‘தேற்றரவாளன்’ என்ற சொல்லை வழிபாட்டின் நடுவில் வைத்து இந்த வினைக்கு ஓர் உயர்ந்த இடம் கொடுத்தார்கள். சித்த மருத்துவம் உடல் நலிவைப் போக்கும் மருந்துகளை இன்றும் ‘உடல்தேற்றி’ என்கிறது. இவை தவிர மற்ற இடங்களில் சொல்லை மீட்கும் பொறுப்பு எழுதுவோர் கையில்தான் இருக்கிறது. மருத்துவக் குறிப்பேடுகளையும் பேரிடர் அறிவிப்புகளையும் பள்ளி ஆலோசனை நூல்களையும் தமிழில் எழுதுவோருக்கு என் வேண்டுகோள்: ‘உறுதியளிக்கவும்’, ‘தைரியம் கூறவும்’ என்று எழுத வரும் இடத்தில் ‘தேற்றவும்’ என்று எழுதிப் பாருங்கள். எழுதியதும் அதற்கு அடுத்த வரியில், எதை விளக்கித் தேற்ற வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.